வாயை மட்டும் அசை

போன டிசம்பரில் மகளுடைய பள்ளியில் ஆண்டு விழா. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேர் மேடையில் நின்று ஒரு பக்திப் பாட்டு பாடினார்கள். மகள் கடைசி வரிசையில், இடது ஓரம். எல்லா அப்பாக்களையும் போல நானும் மொபைலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பின்னால் இருந்தவரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, முழுவதையும் பதிவு செய்தேன். திரும்பி வரும்போது வண்டியில், "சூப்பரா பாடினடா கண்ணு" என்றேன்.

"நான் பாடலப்பா. என்னையும் இன்னும் நாலு பேரையும் வாயை மட்டும் அசைக்கச் சொல்லிட்டாங்க மிஸ். எங்க குரல் சேரலையாம்."

அழவெல்லாம் இல்லை. நாளைக்கு லீவு என்று சொல்வது போலச் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு குளிக்கும்போது பாடுவதை நிறுத்திவிட்டாள். பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் எனக்கே அது உறைத்தது.

அந்த ஆசிரியை மீது எனக்குக் கோபம் இல்லை. 40 பிள்ளைகள், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், பத்து நாள் அவகாசம் என்றால் நானும் அதையேதான் செய்திருப்பேன். மென்பொருள் வேலையில் இது தினமும் நடப்பது. ஃபெயில் ஆகிற டெஸ்டை கமென்ட் செய்துவிட்டு ரிலீஸ் பண்ணிவிடுவோம். எல்லாம் பச்சையாகத் தெரியும். பிழை உள்ளே அப்படியே இருக்கும்.

பிழை எங்கே என்று பார்க்காமல் விட மனசு வரவில்லை. விழாவுக்குப் பயன்படுத்திய கரோக்கி ட்ராக் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலேயே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் லஞ்சம் கொடுத்து, ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே பாட வைத்துப் பதிவு செய்தேன். பதிவை ப்ராட் என்ற இலவச மென்பொருளில் போட்டேன். மொழியியல்காரர்கள் பேச்சொலியை அளக்கப் பயன்படுத்துவது அது. குரல் ஒவ்வொரு கணமும் எத்தனை ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும்.

வளர்ந்த ஒரு பாடகிக்காக அமைத்த பாட்டு. பல்லவி கீழே 196 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. மகளின் கோடு 235க்குக் கீழே போகவே இல்லை. மெட்டு இறங்க இறங்க இவள் 240 பக்கத்திலேயே தட்டையாக, இஸ்திரி போட்ட மாதிரி நிற்கிறாள். காதால் கேட்டால் அசல் 'சுருதி சேராத' குரல். சரணத்தில் மெட்டு மேலே ஏறியதும் கோடு போய் அதோடு ஒட்டிக்கொள்கிறது. ஆடாசிட்டியில் ட்ராக்கை நாலு அரைச்சுரம், அதாவது கீபோர்டில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து நாலு கட்டை, உயர்த்தினேன். 196 இப்போது 247 ஆகிவிட்டது. திரும்பப் பாடச் சொன்னேன். பல்லவி வந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

ஒரே ஒரு பிள்ளை, ஒரே ஒரு பாட்டு. இதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் எட்டு வயதுக் குழந்தை பேசும் குரலே சாதாரணமாக 250 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கும். அதற்கும் கீழே இறங்கிப் பாடு என்று கேட்டுவிட்டு, பாடத் தெரியவில்லை என்று ஓரமாக நிறுத்தியிருக்கிறோம்.

பள்ளியில் 'மியூசிக்' என்று வாரத்துக்கு ஒரு பீரியட் உண்டு. ஜூலையில் சுதந்திர தினப் பாட்டு ஆரம்பிக்கும். அது முடிந்தால் ஆசிரியர் தினம், பிறகு ஆண்டு விழா, பிறகு குடியரசு தினம். முழு ஆண்டும் ரிலீஸ் காலண்டர்தான். மூன்று வருடம் இப்படிப் படித்த பிள்ளையிடம் கீபோர்டில் இரண்டு சுரம் வாசித்து "எதும்மா மேல இருக்கு?" என்று கேட்டேன். நான் அழுத்தி வாசித்த சுரத்தைக் காட்டினாள். மேலே என்றால் சத்தமாக என்று நினைத்திருக்கிறாள். "இன்னும் மேல, இன்னும் மேல" என்று பயிற்சியில் கத்தச் சொன்னால் குழந்தை வேறு என்ன நினைக்கும்?

இதே பள்ளியின் வண்ணக் கையேட்டில் இசை மூளையை வளர்க்கும், கணக்கு வரும் என்றெல்லாம் போட்டிருக்கிறது. இது கொஞ்சம் பழைய கதை. 1993இல் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. கல்லூரி மாணவர்கள் 36 பேர் மொஸார்ட்டின் ஒரு சொனாட்டாவைக் கேட்டதும், வடிவங்களை மனசுக்குள் மடித்து விரித்துப் பார்க்கும் சோதனையில் கொஞ்ச நேரம், பத்துப் பதினைந்து நிமிடம், மேலாகச் செய்தார்கள். குழந்தைகள் அதில் கிடையாது, பாடம் கிடையாது, வெறும் கேட்டல்தான். அதுவே 'மொஸார்ட் விளைவு' ஆகி, 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்கும் அளவுக்குப் போனது. இசைப் பாடத்தையே சோதித்த ஆய்வும் உண்டு. டொரான்டோவில் க்ளென் ஷெல்லன்பெர்க் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரை வைத்துச் செய்து 2004இல் வெளியிட்டார். ஒரு வருடம் இசை கற்றவர்களின் நுண்ணறிவு எண் சராசரியாக 7 புள்ளி ஏறியது. கற்காதவர்களுக்கும் 4.3 ஏறியது. வித்தியாசம் மூன்று புள்ளிக்கும் குறைவு. 2020இல் சாலாவும் கோபெட்டும் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒழுங்காக வடிவமைத்த ஆய்வுகளில் அந்த ஆதாயமும் கிட்டத்தட்டப் பூஜ்யமாகிவிட்டது. கணக்கு வர வேண்டுமென்றால் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாமே. இசைக்குப் போலிச் சான்றிதழ் எதற்கு?

ஷெல்லன்பெர்க் கட்டுரையில்தான் எனக்கு ஒரு பெயர் தட்டுப்பட்டது. அவர் குழந்தைகளில் ஒரு பிரிவுக்குக் கீபோர்டும் இன்னொரு பிரிவுக்குக் 'கொடாய் முறை'யில் வாய்ப்பாட்டும் கற்றுக்கொடுத்திருந்தார். ஸோல்தான் கொடாய், ஹங்கேரியின் இசையமைப்பாளர், 1882 முதல் 1967 வரை வாழ்ந்தவர். தமிழில் எழுதினால் 'கொடுக்க மாட்டாய்' என்று அர்த்தம் வந்து தொலைக்கிறது. ஆள் அள்ளிக் கொடுத்தவர். அன்றிலிருந்து இரண்டு மாத ராத்திரிகள் அவரோடுதான் போயின.

1925 வாக்கில் புடா மலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தவர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிப் பெண்கள் சிலர் பாடிக்கொண்டு போவதைக் கேட்டார். பாட்டின் தரம் அவரை அதிர வைத்தது. நாளைக்கு இவர்கள்தானே பள்ளியில் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள் என்ற கவலையில்தான் குழந்தைகளின் பக்கம் திரும்பினார் என்பார்கள். அப்போது அவர் பெயர் பெற்ற இசையமைப்பாளர். நம் ஊரில் ஒரு பெரிய இசையமைப்பாளர் ஒன்றாம் வகுப்புக்குப் பாடப்புத்தகம் எழுதுவதாகக் கற்பனை செய்து பாருங்கள். புடாபெஸ்ட் ஓபராவின் இயக்குநர் யார் என்பதைவிட ஒரு சின்ன ஊரின் பாட்டு வாத்தியார் யார் என்பது முக்கியம் என்ற பொருளில் 1929இல் எழுதினார். ஓபரா இயக்குநர் சரியில்லை என்றால் சீக்கிரம் மாற்றிவிடுவார்கள். வாத்தியார் சரியில்லை என்றால் முப்பது வருடத்துக்கு முப்பது செட் பிள்ளைகள் போச்சு.

1950இல் கெச்கெமேத் என்ற ஊரில் முதல் 'பாடும் தொடக்கப் பள்ளி' ஆரம்பமானது. மற்றப் பாடங்களைப் போல இசைக்கும் அன்றாடம் இடம். இந்த மாதிரிப் பள்ளிகள் பிறகு நூற்றைத் தாண்டின.

முறையில் அவர் கண்டுபிடித்தது என்று பெரிதாக ஒன்றுமில்லை. சுரப் பெயர்களை இடம் மாற்றிக்கொள்ளும் முறை, நாரிச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கி ஜான் கர்வன் என்ற பாதிரியார் வளர்த்தது. சுரத்துக்கு ஒரு கை அடையாளமும் கர்வனுடையது, 1870. தாளச் சொற்கள் பிரான்ஸிலிருந்து வந்தவை. இவற்றைப் பள்ளிப் பாடமாகக் கோத்ததில் பெரும்பங்கு யெனோ ஆதாமுக்கு உண்டு. அவர் புத்தகம் 1944இல் வந்தது. ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் மாதிரி, பலர் எழுதிய துண்டுகள். கொடாய் செய்தது வரிசையைத் தீர்மானித்தது. என்னைப் பொறுத்தவரை மேதைமை அந்த வரிசையில்தான் இருக்கிறது.

குழந்தை முதலில் பாட்டைப் பாடும். தாய்மொழிப் பாட்டு, விளையாட்டுப் பாட்டு. வாரக்கணக்காகப் பாடிப் பாடிக் காதிலும் உடம்பிலும் ஏறிய பிறகுதான், அந்தப் பாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு சுரத்துக்குப் பெயர் வைப்பார்கள். எழுத்து அதற்கும் பிறகு. தெரிந்ததற்குத்தான் பெயர். பெயரைக் கொடுத்துவிட்டுப் பொருளைத் தேடச் சொல்வதில்லை. முதலில் பெயர் பெறுவது இரண்டே சுரங்கள், ஸோ, மீ. மேலிருந்து கீழே மூன்று அரைச்சுர இறக்கம். தெருவில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிடும்போது வருகிற இறக்கம் அது. அடுத்து லா. பிறகு தோ, ரே. ஐந்து சுரத்தோடு நெடுநாள் நிற்கிறார்கள். மீதி இரண்டு சுரம் வந்தால் அரைச்சுர நெருக்கம் வந்துவிடும், சின்னப் பிள்ளைக் குரல் அங்கேதான் வழுக்கும் என்பது அவர் கணிப்பு. எல்லாமே குழந்தைக்கு வசதியான நடுக்குரலில். கருவி கிடையாது, ட்ராக் கிடையாது. வாத்தியார் பாடுவார், பிள்ளைகள் பாடுவார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஆறு வயது மகளைப் பாட்டு கிளாஸில் சேர்த்தது ஞாபகம் வந்தது. ஆமாம், அதுவும் நடந்தது. நாலு மாதத்தில் நின்றுவிட்டாள். நானும் மனைவியும் 'இவளுக்கு இன்ட்ரஸ்ட் இல்லை' என்று முடிவு கட்டி நீச்சலுக்கு மாற்றினோம்.

கர்நாடக இசையின் முதல் பாடம் சரளி வரிசை. புரந்தரதாசர் (1484-1564) வகுத்தது என்பது மரபு. மாயாமாளவகௌளை ராகத்தில், முதல் நாளே எட்டு சுரம், முழு ஸ்தாயி. பொறியாளன் கண்ணுக்கு இந்த ராகம் அழகு. அரைச்சுரக் கணக்கில் 1-3-1, நடுவில் 2, மறுபடி 1-3-1. பாதியில் மடித்தால் பாதியோடு பொருந்தும். வரிசைகள் ஒவ்வொன்றும் முந்தையதில் ஒரே ஒரு மாற்றத்தோடு நகரும், மூன்று காலத்தில். இவ்வளவு கச்சிதமான பயிற்சித் தொகுப்பை நான் எந்தப் புரோகிராமிங் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

ஆனால் ஆறு வயதுக் குரலின் பக்கம் நின்று பாருங்கள். ஏறும் வழியில் நாலு இடத்தில் அரைச்சுர நெருக்கம். அதாவது கொடாய் எதைத் தள்ளி வைத்தாரோ அதுவே முதல் நாள் பாடம். பாட்டு என்று ஒன்று வருவது சரளி, ஜண்டை, அலங்காரம் எல்லாம் தாண்டி கீதத்தில். மகள் நின்றது அதற்கு வெகு முன்னால். நாலு மாதத்தில் அவள் ஒரு பாட்டுகூடப் பாடவில்லை. அப்புறம் சுருதி. வகுப்பில் எல்லோருக்கும் 5 கட்டை. 5 கட்டையின் ச எத்தனை ஹெர்ட்ஸ் தெரியுமா? 196. ஆண்டு விழாப் பல்லவி இறங்கிய அதே இடம்! எட்டு வயதில் 235க்குக் கீழே இறங்காத குரல் ஆறு வயதில் 196ஐ எப்படித் தொட்டிருக்கும்? ஒரே பிழையை இரண்டு இடத்தில் இரண்டு முறை அவள் தலையில் எழுதியிருக்கிறோம். குழந்தைகளுக்குச் சுருதியை ஏற்றி வைத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் நிறையப் பேர் உண்டு. எங்களுக்கு அமையவில்லை.

சரளி வரிசையைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். அது குரு எதிரே உட்கார்ந்து, வருடக்கணக்காகக் கற்கப் போகிற ஒரு மாணவருக்கானது. அந்த மாணவர் வீட்டிலேயே பாட்டு கேட்டு வளர்ந்திருப்பார், காது ஏற்கெனவே தயாராக இருக்கும். அந்தச் சூழலுக்கு அது சரியான வடிவமைப்பு. அதையே 40 பேர் வகுப்பில், வாரம் ஒரு மணி நேரம், வீட்டில் யாரும் பாடாத பிள்ளைக்கு முதல் பாடமாக வைப்பதுதான் தப்பு. ஆக, எங்கள் ஊரில் குழந்தைக்கு இரண்டு வழி. பள்ளியில் சுரம் இல்லாத பாட்டு. கிளாஸில் பாட்டு இல்லாத சுரம். காது என்று ஒன்று இருப்பதை இரண்டுமே கவனிப்பதில்லை.

இப்போது நான் நடு ராத்திரியில் நாற்காலியை விட்டு எழுந்து நின்ற இடத்துக்கு வருகிறேன்.

கொடாயின் ஐந்து சுரத்தை நம் சுரத்தில் எழுதிப் பாருங்கள். தோ, ரே, மீ, ஸோ, லா. ச, ரி, க, ப, த. சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம். மோகனம்! தமிழ்ப் பண்ணில் முல்லைப்பாணி. அரைச்சுர நெருக்கம் ஒன்றுகூடக் கிடையாது. அவர் முதல் பாடமான ஸோ-மீ இறக்கம் நமக்கு ப-க. மோகனத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளை பாடும் பாட்டு எது? காலைக் கூட்டத்தில் நின்று பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரனாரின் 1891ஆம் வருட நாடகத்தில் வரும் வரிகள், எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டு, 1970இல் அரசு ஏற்றது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையே முல்லைப்பாணி, மோகன ராகம், திஸ்ர தாளம், 55 விநாடி என்று பாட்டின் இலக்கணத்தைச் சொல்கிறது. விழாக்களில் இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் சொல்கிறது. அரசாணை ஒன்றைப் படித்து மகிழ்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

யோசித்துப் பாருங்கள். ஒரு ஹங்கேரிக்காரர் நாட்டுப்பாடல்களைத் தோண்டி எடுத்து, கணக்குப் போட்டு, குழந்தைக்கு முதலில் இதுதான் வேண்டும் என்று சொன்ன ஐந்து சுரம், நம் பிள்ளைகளின் காதில் காலை தோறும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் எத்தனை நூறு தடவை பாடியிருப்பார்கள்! கொடாய் முறையின் முதல் படி, காதில் ஏற்றும் படி, நமக்குச் செலவே இல்லாமல் முடிந்துவிட்டது. இரண்டாவது படியை, 'இதோ இங்கே நீ பாடினாயே, இதற்குப் பெயர் ப' என்று சொல்வதை, யாரும் எடுத்து வைக்கவில்லை. பாட்டை ஒழுக்கமாக நிற்பதற்கான நேரமாக வைத்திருக்கிறோம்.

தாளத்திலும் இதே கதைதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பதை நாம் கைதட்டிக் கற்றிருந்தால் அது தாளக் குறியீடு. மனப்பாடம் செய்ததால் இலக்கண விதி ஆகிவிட்டது. தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நாலு. இரண்டையும் சேர்த்தால் ஏழு. இதைச் சொல்ல ஆறு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் போதும், வீட்டில் முயன்று பார்த்தேன். மகள் டைனிங் டேபிளைத் தட்டிச் சொல்வதைக் கேட்டு அவள் தம்பி, அவனுக்கு நாலு வயது, சாப்பிடாமல் அதையே செய்து அடி வாங்கினான். இடையில் ஒன்று: கர்வன் முறையில் கை சுரத்தைக் காட்டும், நம் மரபில் கை தாளத்தைக் காட்டும். இரண்டு கை இருப்பதால் இரண்டும் முடியும் என்று நினைத்தேன். எனக்கு முடியவில்லை. மகளுக்கு முடிகிறது.

ஆனால் கொடாயை அப்படியே இறக்குமதி செய்தால் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. சில பெரிய பள்ளிகளில் அந்தப் பெயரில் நடக்கும் வகுப்புகளின் வீடியோக்களைப் பார்த்தேன். கை அடையாளம் எல்லாம் சுத்தம். பாட்டெல்லாம் ஆங்கிலம். தாய்மொழிப் பாட்டில் தொடங்கு என்பதுதான் அவருடைய முதல் விதி. அதைக் கழற்றிவிட்டு மீதியை மட்டும் ஓட்டுவது, டேட்டாபேஸ் இல்லாமல் ஆப் இன்ஸ்டால் பண்ணுகிற மாதிரி. ஸோ-மீ இறக்கம் உலகக் குழந்தைகள் எல்லோருக்கும் இயல்பு என்று அவர் வழி வந்தவர்கள் சொல்வதையும் நான் அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டேன். ஹங்கேரியக் குழந்தைக்கு எது இயல்பு என்று சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. 1905 முதல் ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தவர், பேலா பார்டோக்கோடு சேர்ந்து 1906இல் முதல் தொகுப்பை வெளியிட்டவர். பாடத்திட்டத்துக்கு முன்னால் இத்தனை வருடச் சேகரிப்பு இருக்கிறது.

நம்மிடம் சேகரிப்பு இல்லையா? உண்டு. பெர்சி மக்வீன் சேர்த்ததைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி', நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' எல்லாம் என் அலமாரியில் இருக்கின்றன. சேகரித்தவர்கள் மீது பெரிய மரியாதை. ஆனால் என் கைக்குக் கிடைத்த தொகுப்புகளில் பெரும்பாலும் சொற்கள்தான் இருக்கின்றன, மெட்டு இல்லை. கொடாயும் பார்டோக்கும் போனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாம் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு போனோம். நாம் பாட்டை இலக்கியமாகப் பார்த்தவர்கள், அதனால் வந்த குறை. அதே பழக்கம் பாடப்புத்தகத்திலும் தொடர்கிறது. அழ. வள்ளியப்பா பாட்டு அச்சில் இருக்கும், எந்த மெட்டு என்று இருக்காது. வகுப்பில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே ராகம் போட்டு ஓட்டிவிடுவார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாட்டுக்கு நல்ல இடம் இருக்கிறது, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அங்கே பாட்டு எழுத்தையும் எண்ணையும் ஏற்றிச் செல்லும் வண்டி. வண்டியைப் பற்றி யாரும் பாடம் நடத்துவதில்லை.

சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். 2009இன் கல்வி உரிமைச் சட்ட அட்டவணையில் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று இருக்கிறது. 6 முதல் 8 வகுப்புக்கு, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். 1 முதல் 5 வரை அப்படி யாரும் கிடையாது. காது திறந்திருக்கிற வயதில் ஆள் இல்லை. குரல் உடைகிற வயதுக்கு ஆள் அனுப்புகிறோம்.

அப்படியென்றால் வகுப்பு ஆசிரியரே செய்ய வேண்டும். முடியுமா? பெரியம்மா மகள் ஒருத்தி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் ஒரு மணி நேரம் விளக்கினேன். அக்கா முறுக்கு சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா, எனக்கே சுதி சேராது. சின்னப் புள்ளைல என்னையும் வாய் அசைக்கச் சொன்னவங்கதான். நான் போயி என்னத்தச் சொல்லிக் குடுக்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் கிராஃப் எதுவும் இல்லை. புடா மலையில் கொடாய் கேட்டதும் நாளைய ஆசிரியைகளின் பாட்டைத்தானே. ரொம்ப நேரம் பேசி, கடைசியில் ஒரே ஒரு விஷயத்துக்கு ஒப்புக்கொண்டாள். மொபைல் தம்புராவில் 1 கட்டை, பெண் குரல் ஸ்தாயி, அதாவது ச 262 ஹெர்ட்ஸ். அதில் ப 392, க 330. குழந்தைக்கு இரண்டும் நடுக்குரல். வருகைப் பதிவு எடுக்கும்போது பெயரை ப-க இறக்கத்தில் பாட வேண்டும். பிள்ளை 'உள்ளேன் டீச்சர்' என்பதை அதே இறக்கத்தில் திருப்பிப் பாட வேண்டும். கெச்கெமேத் வரை போக வேண்டாம், அட்டென்டன்ஸ் நேரம் போதும். கூடுதல் பீரியட் கேட்கவில்லை, கூடுதல் சம்பளமும் கேட்கவில்லை.

மகளுடைய பள்ளியிலும் போய்ப் பேசினேன். அடுத்த ஆண்டு ட்ராக்கை நாலு அரைச்சுரம் ஏற்றிக் கொடுக்கிறேன், இலவசமாக, என்றேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு தீம் டான்ஸ் என்று முடிவாகிவிட்டதாம்.

அக்கா அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, விட்டுவிட்டாள் போல என்று நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை ஒரு வாய்ஸ் நோட் வந்தது. ஒன்றாவது இரண்டாவது பிள்ளைகள், 14 பேர். தூரத்தில் சத்துணவுக் கூடத்துப் பாத்திரச் சத்தம். வரிசையாகப் பெயர்கள், வரிசையாக உள்ளேன் டீச்சர்கள். பழக்கதோஷம், உடனே ப்ராட்டில் போட்டேன். பத்துப் பன்னிரண்டு குரல்கள் 392ஐச் சுற்றியே எழும்பி 330 பக்கம் இறங்குகின்றன. இரண்டு கோடுகள் மட்டும் நன்றாகக் கீழே கிடந்தன. போன் செய்து, "அக்கா, அந்த ரெண்டு பேருக்கு மட்டும் கொஞ்சம் பக்கத்துல நின்னு பாடிக் காட்டு" என்றேன்.

"ஒண்ணு மாரியப்பன். அவனுக்குச் சளி. இன்னொண்ணு நான்தான்டா" என்றாள்.